மாத்திரை கொடுக்க எழுந்து போனவர்

கேள்வி: எனக்கு 46 வயது. கல்லூரி நாளில் 'டைட்டானிக்' பார்த்து அழுதவள். போன வாரம் கணவரோடு வீட்டில் மறுபடி பார்த்தேன். ஜாக் சாகும்போதுகூட இல்லை, அந்த வயதான தம்பதி கட்டிலில் அணைத்துக்கொண்டு படுத்திருக்க, அறைக்குள் தண்ணீர் ஏறுமே, அப்போது தேம்பிவிட்டேன். அவரோ என் அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை கொடுக்க எழுந்து போயிருந்தார். திரும்பி வந்து, "இன்னுமா மூழ்கல?" என்றார். 22 வருடமாக இப்படித்தான். அப்படி ஓர் அன்பு எனக்கு ஏன் வாய்க்கவில்லை?

- ஒரு வாசகி, திருச்சி

பதில்: படத்தின் பெயர் மாறும், கணவர் மேல் சொல்லும் குறை மாறாது. இப்படி எத்தனையோ கடிதங்கள் படித்துவிட்டேன். அதனால் உங்களைத் தேற்றப் போவதில்லை. போகிற போக்கில் மாத்திரை என்று எழுதினீர்களே, அதைப் பற்றித்தான் கேட்கப் போகிறேன்.

யாருடைய அம்மா? உங்கள் அம்மா. மாத்திரை நேரம் யாருக்கு ஞாபகம் வந்தது? மருமகனுக்கு. நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் எழுந்து போனதைக் குறையாக எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பெற்றவளைப் பார்த்துக்கொள்வது முதலில் பெற்ற பிள்ளையின் கடமை. மகளுக்கும்தான்.

நீங்கள் அழுத தம்பதி வெறும் கற்பனை இல்லை. நியூயார்க் மேசிஸ் கடையின் உரிமையாளர்களில் ஒருவரான இசிடோர் ஸ்ட்ராஸ், அவர் மனைவி ஐடா. அவருக்கு 67, அந்த அம்மாவுக்கு 63. வயதானவர் என்று படகில் இடம் தர முன்வந்தும், மற்ற ஆண்களுக்கு முன்னால் ஏறமாட்டேன் என்றார் அவர். அவரை விட்டுப் போகமாட்டேன் என்று ஐடாவும் நின்றுவிட்டார். தன் ஃபர் கோட்டைப் பணிப்பெண்ணுக்குக் கொடுத்து அவளைப் படகில் அனுப்பினார். கட்டில் காட்சி இயக்குநர் கேமரூன் சேர்த்தது. நிஜத்தில் அவர்களைக் கடைசியாக மேல்தளத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

1871-ல் கல்யாணம், 1912-ல் மரணம். நடுவில் 41 வருடம். அதில் எத்தனை ராத்திரி ஒருவருக்காக ஒருவர் எழுந்திருப்பார்கள்! அதையெல்லாம் யார் படம் எடுத்தார்கள்?

இந்தப் படம் நம்மை உலுக்குவதற்குக் காரணம், முடிவு முன்பே தெரியும் என்பதுதான். கப்பல் எப்படி உடைந்து மூழ்கியது என்று தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் அவர்கள் சிரித்தாலும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. பனிப்பாறையில் மோதியது இரவு 11.40, மூழ்கியது 2.20. அதற்குள் யார் யாரோடு நிற்கிறார், யார் யாரை விட்டுப் போகிறார் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடுகிறது. வீட்டில் அது தெரிய 22 வருடமும் போதவில்லை பாருங்கள். ஜாக்குக்கும் ரோஸுக்கும் பழகக் கிடைத்தது சில நாள்தான், குடும்பம் நடத்தும் நாள் வரவே இல்லை. நீங்களும் அவர்களுக்காக அழவில்லை, கிழவன் கிழவிக்காகத்தான் அழுதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

சரி, "இன்னுமா மூழ்கல" என்று அவர் கேட்டது தப்புதான். மனசு வலித்தது என்று அவரிடமே சொல்லுங்கள், எனக்கு எழுதாதீர்கள்.

இன்று ராத்திரி மாத்திரை கொடுக்க நீங்கள் போங்கள். எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், எது அரை மாத்திரை என்று அம்மாவைக் கேளுங்கள். "எனக்கென்ன தெரியும், மாப்பிள்ளையைக் கேள்" என்பார்.