மெயிலில் மட்டும் 'கோனா' வேண்டாம்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்கு அனுப்பிய மெயிலில் 'கோனா' ('கோயிங் டு' என்பதன் பேச்சுச் சுருக்கம்), 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்று எழுதித் திட்டு வாங்கினேன், ஆங்கில சீரிஸ் பார்த்துக் கற்றதெல்லாம் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பில்லை தம்பி. நம்ம வேலூர்ப் பக்கம் 'வந்துகினு கீறேன்' என்போம். லீவு லெட்டரில் எழுதுவோமா? 'டோன்ட்', 'நத்திங்' என்று இரண்டு மறுப்பு சேரும் அந்த இரட்டை எதிர்மறை 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சர்வ சாதாரணம், இன்றும் பல வட்டார வழக்குகளில் உண்டு. ஆபீசில் 'எனிதிங்'தான். கொச்சைக்கும் ஒழுங்கு உண்டு: 'ஐயம் கோனா ஈட்' சரி, 'ஐயம் கோனா காட்பாடி' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; 'கோனா'வுக்குப் பின்னால் வினைச்சொல்தான் வரும், ஊர்ப் பெயர் வராது. (எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது.)

அப்புறம், நீங்கள் ஒட்டிய மெயிலில் 'ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று இருக்கிறது. அது சீரிஸ் தந்ததில்லை, நம்மூர்ப் பழக்கம். 'ஐ ஹேவ்' என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.