ஜாமீன் கிடைத்தும் அண்ணன் வெளியே வரவில்லை என்று கேட்டவருக்கு

ஏற்காட்டு எஸ்டேட்டில் மிளகு திருடியதாக வழக்கு. ஜாமீன் கிடைத்து மூன்று வாரமாகியும் இரண்டு ஜாமீன்தாரர்கள் அமையாததால் அண்ணன் இன்னும் சேலம் மத்திய சிறையில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பம், ஜாமீன்தாரர் காட்ட வேண்டிய சொத்து வரி ரசீதுக்கு எங்கே போகும்?

31.1.2023 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். ஜாமீன் உத்தரவு நகல், ரேஷன் கார்டு, எஸ்டேட் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே சேலத்தில் உள்ள அந்த ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம். சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியின் பேரில், விடச் சொல்லி மனுப் போடுங்கள்.

வெளி மாவட்டத்துச் சொந்தக்காரர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாரா? அவரையும் காட்டுங்கள். 1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காகவே ஜாமீன்தாரரை மறுத்தது தவறு என்றது உச்ச நீதிமன்றம். 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் மோதி ராமை விடச் சொன்னது.

அப்புறம், கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். ஆவணம் போலி என்று தெரிந்தால் ஜாமீனே ரத்தாகும். ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகும் முன் சட்ட உதவி எண் 15100-க்கு ஒரு போன் போடுங்கள், அதுவும் இலவசம்தான்.