அம்மாவின் அதிரசத்தில் கசகசா

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது மும்பையில், சயான் பக்கம் ஒரு சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பு). இப்போது முலுண்டில் இருக்கிறேன். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தீபாவளி நோன்புக்கு அம்மா சுடும் அதிரசத்தை என் கையால் செய்துவிட வேண்டும் என்று மூன்று வருடமும் முயன்றேன். ஆரணியில் இருக்கும் பெரியம்மா போனில் சொல்லச் சொல்லப் பாகு காய்ச்சினேன். முதல் வருடம் கல்லாகிவிட்டது. அடுத்த வருடம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போனது. போன வருடம் நன்றாகவே வந்தது, ஆனால் அம்மாவுடைய ருசி இல்லை. அம்மா செய்ததில் ஒரு பக்கம் கசகசா ஒட்டியிருக்கும். மாவு டப்பா ஒரு வாரம் பரணில் இருக்கும்; தொட்டால் அடி விழும். இதைச் சொன்னால் பெரியம்மா, "அதிரசத்துல கசகசாவா? எந்த ஊர்ப் பழக்கம்டி அது?" என்கிறார். நான்தான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறேனா? கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். விட்டுவிடட்டுமா?
– வாசகி, முலுண்ட்

பதில்: விடாதீர்கள், சகோதரி. உங்கள் ஞாபகத்தில் ஒரு தப்பும் இல்லை. பெரியம்மா சொல்வதும் அவர் ஊருக்குச் சரிதான்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அம்மா அடுப்பில் பாகு வைத்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருளுகிறதா என்று பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதிரசம் சுடும் வீட்டில் பிள்ளைகள் எதை மறந்தாலும் அந்தக் கிண்ணத்தை மறக்க மாட்டார்கள். உருட்டிய பாகு கடைசியில் அவர்கள் வாய்க்குத்தானே போகும்! உங்கள் கடிதத்தில் பரண் இருக்கிறது, டப்பா இருக்கிறது, கசகசா இருக்கிறது. அம்மா காய்ச்சிய பாகு மட்டும் இல்லை.

அம்மா செய்தது அனார்சே என்றே நினைக்கிறேன். நம் அதிரசத்துக்கு மராட்டிய அக்கா. மாட்டுங்காவில் எங்கள் எதிர்வீட்டுக் காகூ (மராட்டியில் அத்தை, சித்தி மாதிரி) செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பச்சரிசியை மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுவார். பிறகு நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் முழுக்கப் போவதற்குள் அரைத்துச் சலிப்பார். பாகே கிடையாது. துருவிய வெல்லத்தையும் கொஞ்சம் நெய்யையும் மாவில் போட்டு அழுத்திப் பிசைந்து டப்பாவில் அடைத்துவிடுவார். ஐந்தாறு நாளில் வெல்லம் இளகி மாவோடு சேர்ந்துகொள்ளும். உங்கள் பரண் ரகசியம் அதுதான்.

அப்புறம் தட்டில் கசகசாவைத் தூவி, அதன்மேல் உருண்டையை வைத்து விரலால் தட்டுவார். கசகசா பக்கம் மேலே இருக்க, சிறு தீயில் நெய்யில் விடுவார். திருப்பவே மாட்டார். கரண்டியால் சுடுநெய்யை மேலே அள்ளி அள்ளி ஊற்றுவார். சட்டியில் மெதுவாக வலைபோல் கண் கண்ணாகத் திறக்கும். அதைப் பார்ப்பதற்கே நான் பள்ளிவிட்டு ஓடி வருவேன். சில சமயம் உங்களுக்கு நடந்த மாதிரியே பிரிந்து பரவிவிடும். காகூ அதற்கு "அனார்சா ஹஸ்லா" என்பார். அனார்சா சிரித்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து அடுத்ததைப் போடுவார். மாவு வறண்டு கெட்டியாக இருந்தால் துளி கனிந்த வாழைப்பழம்.

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த உங்கள் அம்மா, கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் படைக்க வேண்டுமே என்று, சாலில் யாரிடமோ இந்தப் பக்குவத்தைக் கற்றிருக்க வேண்டும். மராட்டியரிடமும் கணக்கு உண்டு: அதிக மாசம் (பஞ்சாங்கத்தில் சில வருடம் கூடுதலாக வரும் மாதம்) வந்தால் மாப்பிள்ளைக்கு 33 அனார்சே கொடுப்பார்கள். அம்மா அம்மனுக்கு வைத்தது நம் நோன்பு, நம் எண்ணிக்கை, பக்கத்து வீட்டுக் கைப்பக்குவம். அந்த ருசியை ஆரணியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெரியம்மா அதைச் சாப்பிட்டதே இல்லையே.

அதனால் இந்த வருடம் போனை வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சயானுக்குப் போய் வாருங்கள். சால் இடிந்து கட்டிடமாகியிருந்தாலும், பழைய ஆட்களில் யாராவது இருப்பார்கள். "மதராசி அம்மா தீபாவளிக்கு யார் வீட்டில் உட்கார்ந்து மாவு பிசைவாள்?" என்று கேளுங்கள். அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவரே இல்லாவிட்டாலும் அவர் மகளோ மருமகளோ சொல்வார். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்டிராத கதை ஒன்றிரண்டு அங்கே நிச்சயம் கிடைக்கும்.

பெரியம்மாவின் பாகு அதிரசத்தையும் விட்டுவிடாதீர்கள். போன வருடம்தான் கைவந்திருக்கிறது, அதுவும் ஒரு தட்டில் இருக்கட்டும்.

வெல்லம் வாங்கும்போது கவனம். இங்கே கடையில் வெல்லத்தை கூள் என்பார்கள்; சாதா கூள், சிக்கி கூள் என்று இரண்டு வைத்திருப்பார்கள். சிக்கி கூள் கடலை மிட்டாய்க்கு, ஆறினால் இறுகிவிடும். முதல் வருடம் கல்லானது அதனாலும் இருக்கலாம். சாதா கூள் என்று கேட்டு, முதலில் அரைக் கிலோ மட்டும் வாங்குங்கள்.