எச்சம் எங்கே போய் முடிகிறது?

கொக்குவிலிலிருந்து ஒரு தாயாரின் கேள்வி: "மகன் ஆண்டு 10. பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் மாறி மாறி எழுதுகிறான். காகம் போடுவதும் எச்சம், இலக்கணத்திலும் எச்சமா என்று வேறு கேட்கிறான். எப்படி விளங்கப்படுத்துவது?"

காகத்திலிருந்தே தொடங்குங்கள். மிஞ்சு, மிச்சம் போல எஞ்சு, எச்சம். தின்றது போக எஞ்சுவது பறவையின் எச்சம். ஒருவருக்குப் பின் எஞ்சுவதும் எச்சம்தான்: 238ஆம் குறளில் அது புகழ், 114ஆம் குறளில் பரிமேலழகர் அதற்கு மக்கள் என்று பொருள் கொண்டார். இலக்கணத்தில் எஞ்சி நிற்பது கருத்து. 'வாங்கிய' என்று நிறுத்தினால் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. 'வாங்கி' என்றால் ஒரு வினை. நல்லூர் ஆறுமுக நாவலர் எச்சத்தைக் குறைச்சொல் என்பதும் இதைத்தான். தொல்காப்பியம் எச்சம் பத்து என்கிறது. மகனுக்கு இப்போது பெயரெச்சம், வினையெச்சம் இரண்டும் போதும்.

பிள்ளைகள் பிழைவிடுவது அடுத்த சொல்லை மட்டும் பார்ப்பதால். 'அம்மா கிழங்கை அவித்து முற்றத்தில் பாயிலே காயவிட்டார்.' 'அவித்து' என்பதற்கு அடுத்து 'முற்றத்தில்' என்ற பெயர் நிற்கிறது. உடனே பெயரெச்சம் என்று எழுதிவிடுவார்கள். இடையில் உள்ளதை விரலால் மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'அவித்து முற்றம்' பொருந்தாது, 'அவித்துக் காயவிட்டார்' பொருந்தும், ஆகவே வினையெச்சம். 'சுன்னாகத்தில் வாங்கிய நல்ல முற்றிய கிழங்கு' என்பதில் 'வாங்கிய' இரண்டு சொல் தாண்டிக் கிழங்கில் முடிகிறது. 'நல்ல', 'முற்றிய' இரண்டும் கூடப் பெயரெச்சங்களே.

அகரத்தில் முடிந்தால் பெயரெச்சம் என்று மனனம் செய்வது ஆபத்து. 'காய்ந்த' பெயரெச்சம், 'காய' வினையெச்சம். 'கூவும்' போன்றவற்றை இடம் பார்த்தே சொல்லலாம்: 'கூவும் குயில்' பெயரெச்சம், 'குயில் கூவும்' முற்று.

இதைப் பிடித்துக்கொண்டால் ஒற்றுப் பிழையும் குறையும். அகரத்தில் முடியும் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது: காய்ந்த பாய், வாங்கிய கிழங்கு. அகரத்திலும் இகரத்திலும் முடியும் வினையெச்சத்தின் பின் மிகும்: காயப் போட்டார், வாங்கிக் கொடுத்தார். உகரத்தில் முடிந்தால் கடைசி எழுத்துக்கு முந்திய எழுத்தைப் பாருங்கள்; அது வல்லின மெய்யானால் மிகும், இல்லாவிட்டால் மிகாது. அவித்துக் கொடுத்தார், ஆனால் வந்து கொடுத்தார், செய்து கொடுத்தார். 'ஓடாத குதிரை' மிகாது. ஈறு கெட்டு 'ஓடா' என்று நின்றால் மட்டும் 'ஓடாக் குதிரை'.