கேளுங்கள், சொல்கிறோம்: டெட்லாக் போட்டிக் களத்தில் நிற்குமா?

கேள்வி: நண்பர் அனுப்பிய அழைப்பில், வால்வ் நிறுவனம் இன்னும் சோதித்து வரும் டெட்லாக் என்ற கணினி விளையாட்டை ஆடிப் பார்த்தேன். பிடித்திருக்கிறது. முறைப்படி வெளியானதும் இது ஐவர் அணிகள் மோதும் சுடும் விளையாட்டான வேலரன்ட் அளவுக்குப் பெரிய போட்டி விளையாட்டாக வளருமா? (கோவை வாசகர்)

பதில்: ஆடுகிறவர்களின் போட்டியாக நிச்சயம் நிற்கும். பார்க்கிறவர்களின் போட்டியாக நிற்பதுதான் கஷ்டம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஆட்டம். அணிக்கு 6 பேர். வால்வின் இன்னொரு விளையாட்டான டோட்டா போல லேன் (இரு தளங்களை இணைக்கும் பாதை), ட்ரூப்பர் (தானாக நடந்து வரும் சிப்பாய்), கடைசியில் வீழ்த்த வேண்டிய பேட்ரன் (எதிரணித் தளத்தின் காவல் உருவம்). ஆனால் எல்லாமே ஹீரோவின் முதுகுக்குப் பின்னால் நின்று குறிபார்த்துச் சுடும் ஆட்டம். முதல் ஐந்து நிமிடம் ஒரே ஒரு லேனைக் கவனியுங்கள். ட்ரூப்பர் செத்ததும் அதன் சோல் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு) உருண்டையாக மெல்ல மேலே மிதக்கிறது. கொன்றவர் அதைச் சுட்டால் சோல் அவருக்கு. எதிராளி முந்திச் சுட்டால் பறிபோயிற்று. ஆக, ஒவ்வொரு ட்ரூப்பருக்கும் இரண்டு குறி: முதலில் ட்ரூப்பர், அடுத்த கணம் உருண்டை. உருண்டையைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கும் அந்த நொடியில்தான் எதிராளி உங்களைச் சுடுவார். கிட்டே வந்து ஓங்கிக் குத்தினாலோ, நீங்கள் சரியான நேரத்தில் பாரி (குத்தைத் தடுப்பது) செய்துவிட்டால் குத்தியவரே திகைத்து நிற்பார். கை வேகம், காசுக் கணக்கு, எதிராளியின் மனசைப் படிப்பது, மூன்றும் ஒரே இடத்தில் மோதுகின்றன. நூறு மணி நேரம் ஆடியவருக்கும் ஆயிரம் மணி நேரம் ஆடியவருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். போட்டி விளையாட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான். டெட்லாக்கில் அது தாராளமாக இருக்கிறது.

கேள்வி: 2024 செப்டம்பரில் ஒரே நேரத்தில் 1,70,000 பேருக்கு மேல் ஆடினார்கள். மறு ஆண்டே 20,000க்கும் கீழே போனது. வெளியாகும் முன்பே கதை முடிந்ததா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. விளம்பரமும் இல்லாமல், அழைப்பு இருந்தால்தான் நுழையலாம் என்ற சோதனைக் கட்டத்தில் வந்த கூட்டம் அது. புதுமைக்காக வந்தவர்கள் போய்விட்டார்கள். வால்வ் நிறுவனத்துக்கு இது பழகிய வழிதான். டோட்டா 2 முறைப்படி வெளியானது 2013 ஜூலையில். அதன் முதல் 'தி இன்டர்நேஷனல்' போட்டியோ 2011 ஆகஸ்டிலேயே ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்துவிட்டது. மொத்தப் பரிசு 16 லட்சம் டாலர், அதில் 10 லட்சம் முதலிடம் பிடித்த நாவி அணிக்கு. வெளியாகாத விளையாட்டிலும் உச்சப் போட்டி நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனாலும் எண்ணிக்கையை அலட்சியப்படுத்த முடியாது. உலகம் முழுக்க எத்தனை பேர் என்பதை விட, உங்கள் வட்டாரத்தில், உங்கள் ரேங்கில், அந்த மணிக்கு எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் ராத்திரி 9 மணிக்கு 600 பேர் ஆடுகிறார்கள், ஒரு மேட்ச் 36 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 17 பேர் மேட்ச் முடித்து மறுபடி வரிசைக்கு வருவார்கள். திறமைப்படி 6 அடுக்காகப் பிரித்தால் அடுக்குக்கு 3 பேர்கூட இல்லை. 12 பேர் சேர 4 நிமிடத்துக்கு மேல் ஆகும். பரவாயில்லை, பொறுக்கலாம். அதே வட்டாரத்தில் அதிகாலை 3 மணிக்கு 100 பேர்தான் என்றால்? அதே 12 பேர் சேர 26 நிமிடம். அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்? அதனால் மேட்ச்மேக்கர் (ஆட்களைச் சேர்த்து மேட்ச் அமைக்கும் நிரல்) அடுக்குகளைக் கலந்துவிடும். நேற்று சேர்ந்தவர் எதிரே ஆயிரம் மணி நேரக்காரர் நிற்பார். புதியவர் மூன்று மேட்ச் அடி வாங்கிவிட்டுப் போய்விடுவார், வரிசை இன்னும் மெலியும். 10 பேர் போதும் என்கிற வேலரன்டை விட, 12 பேர் கேட்கிற நீண்ட மேட்சுக்கு இந்தச் சுழல் சீக்கிரம் வரும். வெளியீட்டுக்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது உச்ச எண்ணிக்கையை அல்ல, அதிகாலை எண்ணிக்கையை.

கேள்வி: பார்ப்பதற்கு ஏன் கஷ்டம் என்கிறீர்கள்? (சேலம் வாசகர்)

பதில்: வால்வின் சுடும் விளையாட்டான கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் ஒரு ரவுண்டு 1 நிமிடம் 55 விநாடி. குண்டு வைத்தால் 40 விநாடியில் வெடிக்கும். 13 ரவுண்டு ஜெயித்தால் மேப் (ஒரு ஆட்டக்களம்) கையில். விதி தெரியாத அம்மாவுக்குக்கூட 'குண்டு வைத்துவிட்டார்கள், எதிரணி அதைச் செயலிழக்க வைக்கப் போகிறது' என்பது புரியும். வேலரன்ட் அதே அச்சில் வார்த்தது: 100 விநாடி ரவுண்டு, வைத்த 45 விநாடியில் வெடிக்கும் ஸ்பைக் (அங்கே குண்டின் பெயர்). ரவுண்டுக்கு ரவுண்டு மூச்சு விட இடைவெளி, மறு ஒளிபரப்பு காட்ட நேரம்.

டெட்லாக்கில் ஆரம்பத்தில் மூன்று லேனில் ஒரே சமயம் சண்டை. டோட்டாவில் மேலிருந்து பார்க்கும் கேமரா ஒரு சண்டையை முழுசாகக் காட்டிவிடும். இங்கே கூரை மேல் ஒருவர், சந்துக்குள் ஒருவர், ஜிப்லைனில் பறந்து வருபவர் ஒருவர். மேலே போனால் கூரைதான் தெரியும், ஒருவர் முதுகுக்குப் பின்னால் போனால் மற்ற 11 பேர் தெரியமாட்டார்கள். இதோடு ஆயுதம், உயிர், ஸ்பிரிட் (ஹீரோவின் சிறப்புத் திறன்) என்று சோல் கொடுத்து வாங்கும் மூன்று வகை ஐட்டங்கள். சண்டை ஏன் அப்படி முடிந்தது என்பது 10 நிமிடம் முன் வாங்கிய ஒரு ஐட்டத்தில் ஒளிந்திருக்கும். தேர்ந்த அப்சர்வர் (ஒளிபரப்புக் கேமராவை நடத்துபவர்), சண்டையைப் பின்னோக்கிக் காட்டும் கருவி, சோல் வித்தியாசத்தைத் திரையிலேயே காட்டும் வரைபடம், இவை மூன்றையும் வால்வ் செய்து கொடுத்தால் பாதிக் கஷ்டம் தீரும். மீதிப் பாதி ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

கேள்வி: பணம் கொட்டினால் நடக்காதா? (மதுரை வாசகர்)

பதில்: ஓவர்வாட்ச் என்ற அணிச் சுடும் விளையாட்டின் லீக்கில் கொட்டிப் பார்த்தார்கள். 2018இல் நகரத்துக்கு ஒரு அணி என்று 12 அணிகளோடு தொடங்கி 2023 சீசனோடு மூடினார்கள். கீழிருந்து ஜெயித்து மேலே வரும் பாதையை வளர்க்காமல் உச்சியை முதலில் கட்டியது ஒரு தவறு. இன்னொன்று ஆட்டத்துக்குள்ளேயே நடந்தது. 3 டேங்க் (அடி தாங்குபவர்), 3 சப்போர்ட் (உயிர் ஏற்றுபவர்) சேர்க்கும் 'கோட்ஸ்' அமைப்பு 2019இன் முன்பாதி முழுக்க ஆண்டது. டேமேஜ் ஹீரோக்களில் பேர் எடுத்த வீரர்கள் ஓரமாக நின்றார்கள். டேங்க், டேமேஜ், சப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் இருவர் (2-2-2) என்று ரோலைப் பூட்டியபோது பாதி வருடம் போயிருந்தது. ஒரே அமைப்பை இரண்டு மாதத்துக்கு மேல் ஓடவிட்டால் பார்வையாளர் வேறு சேனலுக்குப் போய்விடுவார். டெட்லாக்கில் அடிக்கடி வரும் பேட்ச் (ஆட்டத்தை மாற்றும் புதுப்பிப்பு) இந்த விஷயத்தில் நம்பிக்கை தருகிறது.

கேள்வி: சோனியின் சுடும் விளையாட்டான கான்கார்ட் இரண்டே வாரத்தில் மூடப்பட்டதே? (வேலூர் வாசகர்)

பதில்: 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, செப்டம்பர் 6இல் எடுத்துவிட்டார்கள். இலவச ஷூட்டர்கள் நிறைந்த சந்தையில் 40 டாலர் விலை. கணினி விளையாட்டுத் தளமான ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர் 700ஐக்கூட எட்டவில்லை. மேலே சொன்ன வரிசைக் கணக்கை அந்த எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். இப்போதே டெட்லாக் அணியாகப் பயிற்சி எடுக்கலாமா? எங்கே தொடங்குவது? (சென்னை வாசகர்)

பதில்: தொடங்குங்கள், ஆனால் இப்போது ஆடும் விளையாட்டைக் கைவிடாதீர்கள். வாரம் 3 நாள், நாளுக்கு 2 மணி நேரம் போதும். ஏழாவது ஆள் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பரீட்சை என்றால் ஐந்து பேரின் மாலை வீணாகக் கூடாது.

முதல் வேலை இணைப்பு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நேரடிக் கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும், ஆக போய்வர 32 மில்லிசெகண்ட். சிங்கப்பூர் சர்வருக்கு உங்கள் பிங் (தரவு போய்வரும் நேரம், மில்லிசெகண்டில்) 40, 50 என்றால் வழி சரி. 80, 90 என்றால் சுற்றிப் போகிறது, இணைப்பு தரும் நிறுவனத்திடம் எந்த வழியாக அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பிங் அளவை விட ஏற்ற இறக்கம்தான் கெடுதல். 200 முறை பிங் ஓடவிட்டு, அதே நேரம் வீட்டில் ஒருவரை வீடியோ அப்லோட் செய்யச் சொல்லுங்கள். 45இல் இருந்தது 150க்குத் தாவினால் குறை ரூட்டரில். அதில் தரவு வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் போட்டு, அப்லோட் வேகத்தை உங்கள் திட்டத்தின் 90 சதவீதத்துக்கு வரம்பு கட்டுங்கள். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

அடுத்து ஃபிரேம், அதாவது விநாடிக்குத் திரையில் வரும் படங்கள். லேனில் 140 காட்டும் கணினி, 30ஆவது நிமிடம் 12 பேர் மோதும்போது 70க்கு விழும். சோதனையை அங்கே செய்து, அந்தச் சண்டையிலும் தாங்கும் எண்ணில் வரம்பு வையுங்கள். தாவும் 140ஐ விட நிலையான 90இல் குறி நன்றாக ஒட்டும்.

எதை மனப்பாடம் செய்வது என்பதில் கவனம் வேண்டும். 2025 பிப்ரவரி வரை நான்கு லேன் இருந்தது, இரண்டில் தனியாள், இரண்டில் ஜோடி. ஒரே பேட்சில் மூன்றாக்கி எல்லா லேனையும் ஜோடியாக்கினார்கள். தனியாள் லேனுக்கென்று தயாரான வீரர்களின் உழைப்பு அன்றே போயிற்று. ஐட்டம் பட்டியலும் அப்படி மாறக்கூடியதுதான். உருண்டையைச் சுடுவது, பாரி, ஸ்டாமினா (தாவ, பாயச் செலவாகும் சக்தி) மிச்சம் வைத்து நகர்வது, ஜோடியாக ஒரே ஆளைக் குறிவைப்பது, இவற்றை மாற்ற எந்தப் பேட்சுக்கும் அவசரம் இருக்காது. 6 மணி நேரத்தில் 4 மணி நேரத்தை இதற்கே கொடுங்கள். மீதி 2 மணி நேரம், தோற்ற மேட்சின் ரெக்கார்டிங்கை ஆறு பேரும் சேர்ந்து பாருங்கள், ஒவ்வொரு சாவிலும் நிறுத்தி, அதற்கு 10 விநாடி முன் யார் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள்.