பீகிளின் மூக்குக்கு ஒரு வேலை கொடுங்கள்

கேள்வி: எங்கள் பீகிள் நாய்க்கு ஒன்றரை வயது. வெளியே கூட்டிப்போனால் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு இழுக்கிறது. கூப்பிட்டால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. தனியாக விட்டால் ஊளையிடுகிறது. வேட்டைக்கான இனத்தை வீட்டில் வளர்ப்பதே தவறா?

பதில்: தவறே இல்லை. நீங்கள் சொன்ன மூன்றும் அதன் தொழிலோடு வந்தவை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்த்த இனம் இது. நாய்க்கூட்டம் தடத்தை மோப்பம் பிடித்து முன்னால் ஓட, ஆட்கள் நடந்தே பின்னால் போவார்கள். நாய் நீட்டிக் குரல் கொடுத்தால்தான் வருபவருக்குத் திசை தெரியும். வால் நுனியின் வெள்ளைகூட உயரமான புல்லுக்குள் கண்ணில் படுவதற்கு உதவியது. கூட்டமாகவே தின்று, தூங்கி, ஓடிய பரம்பரைக்குத் தனிமை எப்படிப் பிடிக்கும்?

இன்று அதே மூக்கு விமான நிலையங்களிலும் வேலை பார்க்கிறது. 1984இல் அமெரிக்க வேளாண் துறை லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் பீகிள்களைப் பணியில் இறக்கியது. பயணிகளின் பைகளில் வரும் பழம், இறைச்சி வழியாகப் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் நுழையாமல் தடுப்பதுதான் வேலை. ஆப்பிள், ஆரஞ்சு வகை, மாம்பழம், பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி என ஐந்து வாசனைகள் அடிப்படைப் பாடம். வாசனை பிடிபட்டால் நாய் குரைக்காது, பிறாண்டாது. பைக்குப் பக்கத்தில் உட்காரும். உடனே தீனி கிடைக்கும். சிறிய உருவம், யாரோடும் ஒட்டிக்கொள்ளும் குணம், தீராத தீனி ஆசை எல்லாம் பார்த்துத்தான் இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். மூன்று அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் மட்டும் தீனி வையுங்கள். சரியான பெட்டியில் மூக்கு நின்றதும் ‘உட்கார்’ சொல்லி, உட்கார்ந்ததும் பெட்டியைத் தூக்குங்கள். கொஞ்ச நாளில் சொல்லாமலே உட்காரும். அப்புறம் அடுத்த அறையில், நாற்காலிக்கு அடியில் என்று ஒளித்து வைக்கலாம். பத்து நிமிடம் இப்படித் தேடினாலே நன்றாகக் களைத்துவிடும். விளையாட்டில் தரும் தீனியைச் சாப்பாட்டு அளவிலிருந்து கழித்துவிடுங்கள். பீகிள் வெகு சீக்கிரம் எடை போடும்.

நடையில் கழுத்துப்பட்டைக்குப் பதிலாக ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஐந்து மீட்டர் கயிறும் போதும். பாதி நேரம் அது முகர்கிற பக்கம் நீங்கள் போங்கள். திறந்தவெளியில் மட்டும் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். தடம் பிடித்த பீகிளுக்கு உங்கள் குரல் எட்டாது, சாலையும் தெரியாது. எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊளைக்குத் திட்டிப் பயனில்லை. அரை நிமிடம் கதவுக்கு வெளியே நின்று, அது பதறுவதற்கு முன்பே திரும்பி வாருங்கள். நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். துணைக்கு இன்னொரு நாய் வாங்க நினைத்தால் சற்றுப் பொறுங்கள். பல நாய்கள் ஏங்குவது மனிதருக்காக. அப்படியானால் இரண்டு குரலில் ஊளை கேட்கும். நீங்கள் இல்லாதபோது நடப்பதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுக்குவது, நீங்கள் கிளம்பியதும் ஓயாமல் கத்துவது எல்லாம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அந்தப் பதிவைக் காட்டுங்கள். சில நாய்களுக்குப் பயிற்சியோடு மருந்தும் தேவைப்படும்.