ஆர்க்கிட் இலை வாடினா தண்ணி ஊத்தாதீங்க, வேரைப் பாருங்க

கேள்வி: அக்கா, எனக்கு கிஃப்ட்டா வந்த ஆர்க்கிட், ஊதா பூ, ரெண்டரை மாசம் அப்படியே நின்னுச்சு. பூ உதிர்ந்ததுக்கப்புறம் இலையெல்லாம் துவண்டு சுருக்கம் விழுந்துடுச்சு. தண்ணி பத்தலையோன்னு தினமும் ஊத்துறேன், ஆனா ஊத்த ஊத்த மோசமாத்தான் போகுது, அடியில இருந்த ரெண்டு இலை மஞ்சளாகி விழுந்தே போச்சு. செடி பிளாஸ்டிக் தொட்டியில இருக்கு, அத அப்படியே ஒரு பீங்கான் ஜாடிக்குள்ள வெச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல. பிழைக்குமா?

பதில்: முதல்ல தண்ணிய நிறுத்துங்கமா. மத்ததெல்லாம் அப்புறம்.

ரெண்டரை மாசம் பூ நின்னுச்சுன்னு சொல்றத வெச்சுப் பாத்தா உங்க செடி அனேகமா ஃபலெனாப்சிஸ், கிஃப்ட்டா கைமாறுற ஆர்க்கிட்ல பெரும்பாலும் இதுதான். காட்டுல இது மண்ணுல வளர்றதே இல்ல, மரத்து மேல ஒட்டிக்கிட்டு வேரைக் காத்துல தொங்கவிட்டு வாழும், மழை பெஞ்சா வேர் நனையும், கொஞ்ச நேரத்துல காத்துல காஞ்சுடும். அந்த வேருக்கு மேல வெள்ளையா தடியா ஒரு உறை இருக்கும், வெலாமென்னு பேரு, ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணிய சட்டுன்னு உறிஞ்சி வெச்சுக்கும். அந்த வேரை நாள் முழுக்க ஈரத்துலயே வெச்சா காத்து கிடைக்காம மூச்சு முட்டி அழுகிடும். வேர் அழுகினா தண்ணி இழுக்க வழியில்ல, அதனால தொட்டி நிறைய தண்ணி இருந்தும் இலை தாகத்துல வாடும். தண்ணி பத்தாம வாடுற இலையும் தண்ணி அதிகமாகி வாடுற இலையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்கிறதுதான் இதுல பெரிய கஷ்டம், நீங்க மட்டும் இல்ல, ஆர்க்கிட் வளக்குற முக்கால்வாசி பேர் இங்கதான் ஏமாறுறாங்க. இலையப் பாத்து முடிவு பண்ணவே முடியாது, வேரைத்தான் பாக்கணும்.

அந்த பீங்கான் ஜாடியில இருந்து தொட்டிய வெளிய எடுங்க, அடியில தண்ணி நிக்குதான்னு பாருங்க, நிக்கும்னுதான் எனக்குத் தோணுது. அப்புறம் செடிய தொட்டியில இருந்து மெதுவா உருவி, மண்ணுக்குப் பதிலா போட்டு ஒட்டியிருக்கிற மரப்பட்டைத் துண்டு, பாசி (மாஸ்) எல்லாத்தையும் கையாலயே உதிர்த்து விடுங்க. நடுவுல, தண்டுக்கு நேர் கீழ, பாசி ஒரு கட்டியா அடைஞ்சு இருக்குதான்னு கண்டிப்பா தேடுங்க. நாத்துல இருந்தே கூட வர்ற கட்டி அது, மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள ஈரமாவே கெடக்கும், நிறைய செடிய அழிக்கிறது அதுதான்.

இப்ப ஒவ்வொரு வேரா விரலால அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா உயிரோட இருக்கு. நசுங்கி கொழகொழன்னு தண்ணி வந்து, மேல்தோல் கையோட உருவி வந்து உள்ள நூல் மாதிரி மட்டும் நின்னா அது அழுகல். காகிதம் மாதிரி காஞ்சு உள்ள காலியா இருந்தா அதுவும் செத்த வேர்தான், அது மட்டுமே நிறைய இருந்தா உண்மையிலேயே தண்ணி பத்தலன்னு அர்த்தம். கலரை மட்டும் நம்பாதீங்க, பாசிக்குள்ள வெளிச்சமே படாம இருந்த வேர் மஞ்சளாவோ பழுப்பாவோ இருக்கும், ஆனா அழுத்தினா கெட்டியா இருக்கும், அது நல்ல வேர். என்னோட முதல் செடியில பழுப்பா இருக்குன்னு நல்ல வேரையெல்லாம் வெட்டிட்டேன், அந்த செடி திரும்ப எழுந்துக்கவே இல்ல, இன்னிக்கும் எனக்கு அது வருத்தம்.

கத்தரிய நெருப்புல காட்டியோ ஸ்பிரிட்ல துடைச்சோ சுத்தம் பண்ணிட்டு அழுகினதை மட்டும் நல்ல பாகம் வர்ற வரைக்கும் வெட்டுங்க. வெட்டின வாயில சமையல் லவங்கப்பட்டைத் தூள் கொஞ்சம் தொட்டு வெக்கலாம், பூஞ்சைய கொஞ்சம் தடுக்கும், ஆனா நல்ல வேர் மேல படவிடாதீங்க, அது வேரை காயவெச்சிடும். ஒரு ராத்திரி நிழல்ல அப்படியே காய விட்டுட்டு புதுப் பட்டைத் துண்டுல நடுங்க, தோட்டத்து மண்ணு வேண்டவே வேண்டாம். தொட்டி வேருக்கு சரியா பத்துற சின்ன சைஸா, அடியில நிறைய ஓட்டையோட, உள்ள தெரியுற மாதிரி பிளாஸ்டிக்கா இருந்தா ரொம்ப நல்லது.

நல்ல வேர் மூணு நாலு மிஞ்சினா பயமில்ல. ஒண்ணுமே மிஞ்சலன்னா வேற வழி: ஸ்பாக்னம் பாசிய (ஆர்க்கிட் தொட்டியில போடுற மாஸ்) நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு ஒரு கண்ணாடி மாதிரி தெரியுற டப்பாவுல போட்டு, செடியோட அடி பாசிய லேசா தொடுற மாதிரி மட்டும் வெச்சு, மூடி, வெயில் நேரா படாத வெளிச்சமான இடத்துல வைங்க, தினம் கொஞ்ச நேரம் தொறந்து காத்து விடுங்க. புது வேர் வர வாரக்கணக்குல இல்ல, மாசக்கணக்குல ஆகலாம், அவசரப்பட்டு தோண்டித் தோண்டி பாக்காதீங்க. பழைய பூத்தண்டு பச்சையா நின்னா அதையும் வெட்டிடுங்க, செடியோட சத்தெல்லாம் வேருக்குப் போகட்டும். உரம் இப்போ வேணாம், புது வேர் நுனி பச்சையா எட்டிப் பாத்தப்புறம்தான், அதுவும் பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல கால் பங்கு. சுருங்கின பழைய இலை முழுசா நிமிராம போகலாம், அதுக்காக மனசு விடாதீங்க, அடுத்து வர்ற இலை விறைப்பா இருந்தா செடி தேறிடுச்சு.

இனிமே தண்ணி எப்போன்னு கேப்பீங்க, கிழமை வெச்சு ஊத்தாதீங்க, வேரோட கலரைப் பாத்து ஊத்துங்க. நனைஞ்ச வேர் பச்சையா தெரியும், காஞ்சா வெள்ளி மாதிரி சாம்பலாகும், சாம்பலானப்புறம் நல்லா ஊத்தி முழுக்க வடிய விட்டுட்டு அப்புறமா ஜாடிக்குள்ள வைங்க.

கேள்வி: என் ஆர்க்கிட்ல நடு குருத்து கருத்து அழுகி, இழுத்தா கையோட வருது. வேர் எல்லாம் நல்லா இருக்கு. என்ன பண்றது?

பதில்: இலை நடுவுல தண்ணி தேங்கி நின்னா இப்படி ஆகும். ஃபலெனாப்சிஸ் ஒரே குருத்துல மேல மேல வளர்ற செடி, குருத்து போச்சுன்னா அங்கருந்து இனி இலை வராது, உண்மையச் சொல்லிடுறேன். ஆனா அழுகினத எடுத்துட்டு நடுவ காயவெச்சு, வேரையும் மிச்ச இலையையும் காப்பாத்தினா சில செடி அடித்தண்டுல பக்கத்துல குட்டி விடும், எனக்கு ஒரு செடி அப்படி விட்டிருக்கு. மத்த செடிங்ககிட்டருந்து தள்ளி வைங்க. இனி குருத்துல தண்ணி பட்டா டிஷ்யூவால ஒத்தி எடுத்துடுங்க.

கேள்வி: இலை கரும்பச்சையா தளதளன்னு இருக்கு, ரெண்டு வருஷமா பூவே இல்லயே?

பதில்: வெளிச்சம் பத்தல, அந்த கரும்பச்சையே அதுக்கு அடையாளம். புல்லு மாதிரி இளம்பச்சையா இருக்கணும். கிழக்குப் பாத்த ஜன்னல்கிட்ட வைங்க, ஒரேயடியா வெயில்ல வெச்சா இலை வெந்துடும், கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. ராத்திரி குளிர்ச்சி சில வாரம் தொடர்ந்து 18 டிகிரி செல்சியஸ்கிட்ட இறங்கினா பூத்தண்டு விட தூண்டுதல் கிடைக்கும்.

கேள்வி: இலை இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கு.

பதில்: மாவுப்பூச்சி. காதுல போடுற பஞ்சுக்குச்சிய 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு ஒவ்வொண்ணா தொட்டு எடுங்க. முட்டை மறைஞ்சிருக்கும், அதனால வாரம் ஒரு தடவைன்னு நாலஞ்சு வாரம் விடாம பண்ணுங்க, இலைக்கு அடியிலயும் தண்டோட ஒட்டுற இடத்துலயும் பூத்தண்டு கணுவுலயும் மறக்காம பாருங்க.